கோலிக்குப் போன தடவைச் சட்டை

எங்கள் புதுவயல் கிளப் இதுவரை
ஒன்பது தடவை சட்டை மாற்றியிருக்கிறது.
ஒன்றைக்கூட அதனதன் வருஷத்தில்
நான் போட்டதில்லை.

கோலி வேறு நிறம் உடுத்த வேண்டும், இது ஆட்டச் சட்டம்.
கோலிக்கென்று தனியாகத் துணி எடுப்பது தண்டச்செலவு,
இது செயலாளர் நாச்சியப்பன் சட்டம்.
ஆக, பத்துப் பேருக்குப் புதுசு.
அவர்கள் கழற்றிப் போட்டதில் கிழியாதது எனக்கு.

முதல் சட்டை கண்டாங்கி.
காரைக்குடியில் வெட்டு விழுந்த சேலைகள்
மலிவாய்க் கிடைத்தன. அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டது.
இப்ராம்சா பத்துத் தைத்தார், பதினொன்றாவதுக்குத்
துணி எட்டவில்லை.
நான் பள்ளிக்கூட வெள்ளையில் நின்றேன்.
மழையில் நனைந்தால் ஒவ்வொன்றும் ரெண்டு கிலோ.
'ஏய் சேலை' என்று கத்திய தேவகோட்டைக்காரர்கள்
நாலு கோல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அடுத்து ரைஸ் மில் உபயம். தவிட்டு நிறம்.
மூட்டைக்கு அச்சடிக்கிறவரே முதுகிலும் அடித்தார்,
பழக்கதோஷத்தில் கடைசி வரியையும் சேர்த்து:
நிகர எடை 75 கிலோ.
எங்கள் சூசை நாற்பத்தெட்டுக் கிலோ இருந்தால் அதிகம்.
தேவகோட்டைக்காரர்கள் திரும்பி வந்தபோது
கண்டாங்கியில் நின்றது நான் ஒருத்தன்.
மொத்த 'ஏய் சேலை'யும் எனக்கே.

பிறகு திருப்பூரில் கழித்துப்போட்ட ஏற்றுமதி பனியன்,
கத்தரிப்பூ நிறம், நெஞ்சில் ஏதோ அயல்மொழி.
வீராவேசமாய் என்னமோ எழுதியிருக்கிறது என்று
ரெண்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி ஓடினார்கள்.
கானாடுகாத்தான் பங்களா பார்க்க வந்த ஜெர்மன்காரர்தான்
சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:
'சிறுவர் நீச்சல் வகுப்பு, மூன்றாம் நிலை.'

எட்டாம் நம்பரே ஆகாது என்ற நகைக்கடை,
அந்த வருஷம் எங்களுக்கு ரெண்டு ஏழு.
பூ டைல்ஸ் சட்டை, பார்த்தாலே கிறுகிறுக்கும்.
தேர்தல் நேரத்தில் பறக்கும் படை வேனை மறித்து
தோள்பட்டைக் கரையை எண்ணிப் பார்த்த சட்டை.
ரெண்டு மூன்றை விட்டுவிடுகிறேன்,
சொல்ல ஒன்றுமில்லை, சாயம் போயிற்று.

தங்கமலர் பைனான்ஸ் சட்டையை விட முடியாது.
நல்ல மஞ்சள், மினுமினுப்பான எழுத்து,
துவைத்தால் உரியாது. கம்பெனி உரிந்துகொண்டது,
ஒரே ராத்திரியில்.
அடுத்த தடவை பத்துப் பேரும் நீலத்துக்கு மாறிவிட
அந்தப் பேரைச் சுமந்து நின்றவன்
ஊரில் நான் மட்டும்.

பள்ளத்தூர் மைதானம், ரெண்டாம் பாதி.
கோட்டைத் தாண்டி ஒருவர் உள்ளே வந்தார்.
சட்டையை, சரியாக அந்தப் பேர் இருந்த இடத்தில்,
கொத்தாகப் பிடித்தார்.
'ஒரு லட்சத்து நாற்பதாயிரம்' என்றார்.
திட்டவில்லை. தொகையை மட்டும் இன்னொரு தரம் சொன்னார்,
நான் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல.
'நான் அடைக்கலம்ணே, கோலி' என்றேன்.
பந்து எங்கள் ரெண்டு பேரையும் தாண்டிப் போனது.
நடுவர் கோல் கொடுத்துவிட்டார்.
வலை ஆடி நிற்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

இந்த வருஷம் உபயதாரர் யாரும் இல்லை.
போன வருஷப் பச்சையே பத்துப் பேருக்கும்.
எனக்கு வழக்கம்போல அதற்கு முந்தியது வரவேண்டும்,
அதை எலி முந்திக்கொண்டது.
மிச்சம் கிடந்த பச்சையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.
முதல்முறையாக அவர்களும் நானும் ஒரே துணி.
நடுவர் விசிலை எடுத்துவிட்டு
என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மாற்று.

மாற்ற என்ன இருக்கிறது?
கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டேன்.
தையல், நூல்முனை, வெளிறிய பச்சை.
கடைப்பேர் தலைகீழாய் நிழலடித்தது,
நம்பரின் பசைத்துணி நெஞ்சை அரித்தது.
'போதும்' என்றார் நடுவர்.

கோல்கம்பத்துக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.
அதே ஆள், கையில் கடலைப் பொட்டலம்.
என் நெஞ்சையே உற்றுப் பார்த்து
வாயசைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்,
வலமிருந்து ஒருதரம், இடமிருந்து ஒருதரம்.

'யார் பேரும் இல்லைண்ணே' என்றேன்.

'சரி சரி' என்றார்.
'பந்து வருது, பாரு.'